போனமுறை டொக்குத்தரும் வல்லிபுரத்தாரின் வருத்தங்களும்

முட்டை அவிகிற சத்தத்தை நீங்கள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் முட்டைகள் ஒன்றோடொன்று இடிபட்டு, சட்டியின் விளிம்பில் முட்டி, கிணுகிணு என்று ஒரு கதை கதைக்கும். நேற்றுக் காலை குசினியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பேனையை வைத்துவிட்டு விறாந்தைக்கும் படலைக்குமாக நடக்கத் தொடங்கிவிட்டேன். கண்ணாடி ஊசிக்குழல்கள் கொதிநீரில் அவிகிறபோதும் இதே சத்தம்தான். ஐம்பதுகளின் நடுவில் முரசுமோட்டைப் பக்கத்துக் குடியேற்றக் கொலனி ஆஸ்பத்திரி ஒன்றில் நான் மருந்து கலந்து கொடுக்கிறவனாக இருந்தேன். விடியற்காலையில் அடுப்பு மூட்டிக் குழல்களை அவிய விட்டு, வயல்வெளியைப் பார்த்தபடி நிற்பேன். பனி விலகும். கொக்குகள் எழும்பும். வாய்க்காலில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஒரு அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். பிறகு தூரத்தில் ஒரு சைக்கிள் மணி. அவர் வருகிறார்.

இந்தப் பூமியில் எவரையும் முதன்முறையாகச் சந்திக்காத ஒரே மனிதர் அவர்தான். அவருக்கு எல்லா மனிதரும், எல்லா மாடும், எல்லாத் தேத்தண்ணிக் கோப்பையும் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்தவை. அதனால் அவர் வாயிலிருந்து எப்போதும் முதலில் விழுகிற சொல் "போனமுறை" என்பதுதான். போனமுறை என்ன வருத்தம்? போனமுறை என்ன மருந்து? போனமுறை எத்தினை நாளிலை சுகம் வந்தது? அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கொலனியில் அதை ஒருவரும் தேடவில்லை. போனமுறை டொக்குத்தர் என்றார்கள், அவ்வளவுதான்.

அவர் வேலைக்கு வந்த முதல் நாளே பரந்தனில் பஸ்ஸால் இறங்கி, பெட்டியை வண்டிலில் ஏற்றிவிட்டு, வண்டில்காரரிடம் கேட்டாராம்:

"போனமுறை இந்த மாடு எங்கை விழுந்தது?"

"விழுந்தது உங்களுக்கு ஆர் சொன்னது?"

"முழங்காலிலை தழும்பு கிடக்கு. என்ன பூசினனீர்?"

வேப்பெண்ணெய் என்று வண்டில்காரர் சொல்ல, முரசுமோட்டை வரும்வரைக்கும் மாட்டின் முழங்காலைப் பற்றியே கதை போனதாம்.

தேத்தண்ணிக் கடைக்காரரும் தப்பவில்லை.

"போனமுறை எவ்வளவு சீனி போட்டனீர்?"

"ஐயா, நீங்கள் இப்பதானே முதன்முறை வாறியள்."

"எனக்கில்லையப்பா. எனக்கு முன்னாலை இந்தக் கோப்பையிலை குடிச்ச ஆளுக்கு."

ஆஸ்பத்திரியின் தாதியை மிஸி என்போம். நல்ல உயரம், நல்ல வாய். அவா சொன்னதுதான் ஊர் முழுக்கப் பரவியது: "இவர் கலியாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையிட்டைப் போனமுறை எப்பிடி எண்டுதான் கேப்பார்."

அந்த நாட்களில் பென்சிலின் ஒரு தெய்வம். அதற்குக் கோயில் மட்டும்தான் கட்டவில்லை. ஊசி போடாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், அன்று பொழுதுபடும்வரை வாய்க்கால் கட்டில் டொக்குத்தரின் படிப்பைப் பற்றிய விசாரணை நடக்கும். தடிமனுக்கு ஊசி, தலையிடிக்கு ஊசி, முள் குத்தினால் ஊசி. எருமை காணாமற்போன கவலையில் நித்திரை வரவில்லை என்று ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். முன்பிருந்த டொக்குத்தர்மாரும் மனம் நோகாமல் போட்டு அனுப்பினார்கள். பெரும்பாலும் சுகமும் வந்தது. தெய்வம் என்றால் அப்படித்தான், கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு கொடுக்காமல் விடத் தொடங்கியது.

முன்பெல்லாம் ஊசி போட்ட மூன்றாம் நாள் வாடி உதிர்ந்துவிடுகிற கட்டிகள், இப்போது ஊசியையே எட்டிப் பார்ப்பதுபோலப் பளபளத்துக்கொண்டு நின்றன. சிலருடையவை மட்டும். சிலருடையவை பழையபடி வாடின. மிஸி மருந்தைக் குறை சொன்னா. ஊர் மிஸியின் கையைக் குறை சொன்னது. டொக்குத்தர் ஒருவரையும் குறை சொல்லவில்லை. கதிரையில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, யன்னலுக்கு வெளியே வரிசையில் நின்ற சனத்தைப் பார்த்துச் சொன்னார்:

"கிருமிக்குப் போனமுறை ஞாபகம் இருக்கு, தம்பி. இவையளுக்குத்தான் இல்லை."

விளங்கவில்லை என்று என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். "ஒரே ஊசியைக் கண்டு கண்டு கிருமிக்குப் பயம் தெளிஞ்சு போச்சு" என்றார். "எந்தக் கிருமிக்குத் தெளிஞ்சது, எந்தக் கிருமிக்கு இன்னும் தெளியேல்லை எண்டு தெரிஞ்சால்தான் எந்த மருந்தைக் குடுக்கிறது எண்டு தெரியும்."

அதை அறிவதற்கு முறைப்படியான வழி, சீழை எடுத்துக் கொழும்புக்குச் சோதிக்க அனுப்புவது. அனுப்பினார். முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற லொறிக்கார முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். அவரிடம் ஐஸ் வாங்கி, அதற்குள் போத்தலைப் புதைத்து, பரந்தன் ஸ்டேசனில் ரயிலேற்றுவதாக ஏற்பாடு. நானா போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, ஐஸ் எவ்வளவும் தாறன். ஆனால் இதுக்குள்ளை என்ன கிடக்கு எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பேந்து பரந்தனிலை ஒருவரும் என்ரை பாரை மீன் வாங்காயினம்."

கொழும்பிலிருந்து பதில் வந்தது. வழியில் பழுதாகிவிட்டது, திரும்ப அனுப்பவும். திரும்ப அனுப்பினார். திரும்பப் பழுதானது. சில தடவைகளுக்குப் பிறகு டொக்குத்தர் பதில்களையெல்லாம் மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"சீழ் நாறும் தம்பி. துண்டு நாறாது" என்றார்.

துண்டு என்றால், ஆஸ்பத்திரி வாசலில் பெயர் பதிந்து கொடுக்கிற கடதாசிதான். தலைப்பில் பெயரும் காணி நம்பரும் இருக்கும். கீழே டொக்குத்தர் வருத்தத்தையும் மருந்தையும் எழுதுவார். அதைப் பார்த்து நான் மருந்து கொடுப்பேன். பிறகு சனம் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புகையிலை சுற்றும், கூரைக் கிடுகில் செருகும், பிள்ளைகள் கப்பல் விடும். இனித் துண்டுகள் ஆஸ்பத்திரியிலேயே நிற்க வேண்டும் என்று டொக்குத்தர் உத்தரவு போட்டார். பழைய துண்டு கொண்டு வருகிறவர்களுக்கு வரிசையில் முன்னிடம் என்றும் சொன்னார். கிடுகுகளுக்குள்ளிருந்தும் வெற்றிலைக் கொட்டப்பெட்டிகளுக்குள்ளிருந்தும் வருத்தங்கள் திரும்பி வரத் தொடங்கின. சைக்கிள் கடையில் கழித்த கம்பிகளை வாங்கி, ஆளுக்கொரு கம்பி என்று துண்டுகளைக் குத்தி, மருந்தறைச் சுவர் நீளத்துக்குத் தொங்கவிட்டார். வயற்காற்று யன்னலால் வரும்போது ஊரின் வருத்தங்கள் எல்லாம் ஒரேயடியாகச் சலசலக்கும். எனக்கு அது பிடிக்கும். மிஸிக்குப் பிடிக்காது. "இறைச்சிக்கடை மாதிரிக் கிடக்கு" என்பா.

ஒரு மத்தியானம் டொக்குத்தர் துண்டுகளின் பாரத்தில் வளைந்துபோன, ஒரே பெயர் தொங்கிய மூன்று கம்பிகளை ஏந்திக்கொண்டு என் யன்னலுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, இந்த வல்லிபுரம் ஆர்?"

"வல்லிபுரத்தார் ஐயா. வாய்க்காலுக்கு அங்காலை காணி. மெல்லிசான ஆள்."

"உயிரோடை இருக்கிறாரோ?"

"இப்பதானே சைக்கிளிலை போறார்."

"இருக்கேலாது! குக்கல் இருமல் வந்திருக்கு. காதாலை சீழ் வடிஞ்சிருக்கு. பின்கழுத்திலை கட்டி, கமக்கட்டிலை கட்டி, தொடையிலை கட்டி. வயித்துப் பூச்சிக்கு மருந்து எடுத்திருக்கிறார். எல்லாத்துக்கும் மேலாலை பிள்ளைப்பேறு!"

"ஓம் ஐயா. அது சுகப்பிரசவம்."

டொக்குத்தர் கம்பிகளை யன்னல் கட்டில் வைத்தார். நான் அப்போதுதான் கொலனியின் வழக்கத்தை அவருக்கு விளங்கப்படுத்தினேன். காட்டை வெட்டிக் குடியேறிய இந்தச் சனத்துக்கு அரசாங்கம் தந்த காணி, குடும்பத்தில் ஒருவர் பெயரில் இருக்கும். பேமிற் என்கிற அந்தக் கடதாசியில் உள்ள பெயர்தான் அந்தக் குடும்பத்துக்கு அரசாங்கத்தின் முன்னால் உள்ள ஒரே பெயர். விதைநெல் வாங்கினாலும் அந்தப் பெயர், தண்ணீர் முறை கேட்டாலும் அந்தப் பெயர், வயிற்றாலடி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் அந்தப் பெயர். வாசலில் "பேர்?" என்று கேட்டால் பேத்தியும் "வல்லிபுரம்" என்பாள். யன்னலில் நின்று நான் "வல்லிபுரம்!" என்று கூப்பிட்டால் வல்லிபுரத்தாரைத் தவிர எல்லாரும் போத்தலோடு வருவார்கள்.

டொக்குத்தர் தலையில் கை வைத்துக்கொண்டு என் வாங்குப் பலகையில் இருந்தார். சுவர் நிறையத் தொங்கிய ஊரில், உண்மையான ஆட்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாமற்போய்விட்டது.

மறுநாள் வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்: இனி ஆளாளுக்கு அவரவர் பெயர், அவரவர் கம்பி.

அன்று பின்னேரமே ஊரில் கதை பரவியது. டொக்குத்தர் அரசாங்கக் காணிக் கந்தோரின் ஆள். ஒரு காணியில் எத்தனை குடும்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். பெயர் எழுதினால் பேமிற் போய்விடும். சட்டத்தில் அப்படி இருந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது. சனத்தின் பயத்தில் இருந்தது. யானையோடும் பாம்போடும் மல்லுக்கட்டிப் பிடித்த நிலம். அதை ஒரு தும்மலுக்காக இழக்க யார் சம்மதிப்பார்?

ஆஸ்பத்திரி வரிசை பாதியாகக் குறைந்தது. டொக்குத்தர் சளைக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். என்னையும் கூட்டிப் போனார். முதல் வீடு வல்லிபுரத்தாருடையது.

"இந்த வீட்டிலை எத்தினை பேர்?"

"நான் ஒரு ஆள்தான் ஐயா."

கொடியில் எல்லா அளவிலும் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வைக்கோல் போருக்குப் பின்னால் இரண்டு சின்னக் கண்கள் எங்களைப் பார்த்துவிட்டு மறைந்தன. குசினிக்குள் யாரோ இருமினார்கள்.

"அது ஆர் இருமினது?"

"மாடு ஐயா."

மாடு இன்னொருமுறை இருமிவிட்டு, "ஒருக்காத் தண்ணி தாணை அம்மா" என்றது.

டொக்குத்தர் பென்சிலை நக்கி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் எழுதினார்: மாடு. வறட்டு இருமல்.

திரும்பும் வழியில் அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நாளைக்கு ஒரு பெரிய கட்டியோடை ஒருத்தர் வருவார். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போடுவன். மருந்து கேட்டாச் சரி. கேக்காட்டில்?" என்றார். வாய்க்கால் கட்டால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். நெல் பால் பிடிக்கிற காலம், காற்றில் அதன் பச்சை மணம். அந்த மணத்துக்குள் எனக்குப் பயம் வந்தது.

அவர் சொன்ன ஆள் வர அதிக நாள் செல்லவில்லை. வல்லிபுரத்தாரின் மருமகள். பிள்ளை பெற்று ஒரு மாதமும் ஆகவில்லை. ஒரு மார்பில் பால் கட்டி, அது சீழ்க்கட்டியாகி, காய்ச்சலில் உடம்பு உதற, காலையில் வண்டிலில் கொண்டு வந்தார்கள். கைக்குழந்தையை மிஸி வாங்கிக்கொண்டா. வாசலில் பெயர் கேட்டதற்கு வல்லிபுரத்தார் நிமிர்ந்து நின்று சொன்னார்:

"வல்லிபுரம்."

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம் என்றால் அம்புலன்ஸ் வேறு நோயாளியோடு போயிருந்தது. டொக்குத்தர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்துவிட்டார். ஆனால் அது போதாது, விஷம் உடம்பில் ஏறியிருந்தது. அலுமாரியில் பென்சிலின் தாராளமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து கெஞ்சி வாங்கிய புது மருந்துக் குளிசை ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. ஒரு ஆளுக்குக் காணும், இரண்டு பேருக்குக் காணாது. பென்சிலின் கேட்கிற இடத்தில் அதைச் செலவழித்தால், கேட்காத இன்னொருவர் நாளைக்கு வரும்போது கையை விரிக்க வேண்டும். பென்சிலினைப் போட்டுப் பார்ப்போம் என்றால், அது கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க இந்தப் பெண்ணிடம் நாளில்லை.

டொக்குத்தர் மூன்று வளைந்த கம்பிகளையும் கழற்றிக்கொண்டு, வாங்கில் படுத்திருந்தவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தார். வல்லிபுரத்தாரையும் முன்னால் இருத்தினார்.

"இந்தக் கழுத்துக் கட்டி ஆருக்கு வந்தது?"

"எனக்குத்தான் ஐயா."

"ஊசி கேட்டதோ?"

வல்லிபுரத்தார் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "கேட்டிருக்கும்."

"தொடையிலை கட்டி? ஆறு வயதுக்குரிய அளவு மருந்து எழுதியிருக்கு."

"அதும் நான்தான். நான் மெல்லிசான ஆள்தானே."

"பிள்ளைப்பேறு?"

வல்லிபுரத்தார் வாங்குப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஓம்" என்றார். "நான்தான்."

வாங்கிலிருந்து காய்ச்சலில் கம்மிய ஒரு குரல் வந்தது:

"மாமா, பிள்ளையை நீங்கள் பெத்தனீங்கள் எண்டால், நான் என்னத்துக்கு இஞ்சை கிடந்து சாகிறன்?"

மிஸி சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. வல்லிபுரத்தார் குனிந்திருந்தார். சால்வையைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பிறகு நிலத்தைப் பார்த்தே சொன்னார்:

"ஐயா, எழுதினால் காணி போயிடும். காணி போனால் இந்தப் பச்சைப் பிள்ளைக்கு என்ன கிடக்கு? சொல்லாட்டில் தாய் போயிடுமோ எண்டும் பயமாய்க் கிடக்கு. நான் என்ன செய்ய?"

டொக்குத்தர் மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்தார். கம்பியிலிருந்து ஒரு துண்டை உருவி, தலைப்புக்குக் கீழே அடிமட்டத்தை வைத்து, சர்ரென்று கிழித்தார். பெயரும் காணி நம்பரும் ஒரு கீற்றாகக் கையோடு வந்தன. வருத்தமும் மருந்தும் கீழே மிஞ்சின. அடுத்த துண்டு. சர். அதற்கடுத்தது. சர். எத்தனை நாள் சேர்த்த துண்டுகள்! ஒரு துண்டிலும் நூல் கோணாமல் எழுதுகிற மனிதர், தன் கையாலேயே எல்லாவற்றின் தலையையும் சீவிக்கொண்டிருந்தார். கடைசியில் கீற்றுக்களை இரண்டு கையாலும் அள்ளி வல்லிபுரத்தாரின் மடியில் போட்டார்.

"இந்தாங்கோ உங்கடை காணி. கொண்டு போங்கோ. எனக்கு வருத்தத்தை மட்டும் தாங்கோ."

வல்லிபுரத்தார் மடியைப் பார்த்தார். தன் பெயர் அவ்வளவு தடவை எழுதப்பட்டு அவர் ஒருநாளும் கண்டதில்லை. எல்லாவற்றையும் சால்வையில் முடிந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுக்கத் தொடங்கினார்.

"இது மூத்தவன். பின்கழுத்திலை. நெற்சூடு மிதிக்கிற நாள். ஊசி போட்டும் நிக்கேல்லை, தானாய் உடைஞ்சது."

"பேந்து?"

"பேந்து மனிசிக்குக் கமக்கட்டிலை. அவவுக்கும் ஊசி கேக்கேல்லை."

"பேந்து?"

"சின்னவன்ரை தொடை. அவனும் ஊசி கேக்காமல் ஒரு பாட்டம் கிடந்து எழும்பினவன்."

"இந்தக் காதுச் சீழ்?"

"அது பேத்தி. அது கேட்டது. அது கனகாலத்துக்கு முந்தி."

பெயரில்லாத துண்டுகளை யார் யாரென்று பிரிப்பது எப்படி? டொக்குத்தர் பென்சிலால் மூலையில் படம் கீறினார். மூத்தவனுக்கு மாடு. மனிசிக்குக் குடம். சின்னவனுக்குத் தொப்பி. சீமெந்து நிலத்தில் மாடும் குடமும் தொப்பியும் ஒன்றின்பின் ஒன்றாக ஒரு ஊர்வலம் போயின. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கட்டி. எல்லாவற்றிலும் பென்சிலின். எல்லாவற்றிலும் கேட்கவில்லை. ஊர்வலம் வாங்கின் காலடியில் வந்து நின்றது.

"ஒரே கட்டிதான் வீட்டுக்குள்ளை ஆள் மாறி ஆள் நடந்திருக்கு" என்றார் டொக்குத்தர். அலுமாரியைத் திறந்து சின்னப் போத்தலை எடுத்தார். பிறகு அவருக்கே உரிய ஒரு யோசனை வந்தது. "நல்ல காலம் வல்லிபுரத்தார், நீங்கள் எல்லாரும் ஒரே ஆளாய் வந்தனீங்கள். தனித்தனிக் கம்பியிலை தொங்கியிருந்தால் இது ஒரு வீட்டுக் கட்டி எண்டு நான் கண்டுபிடிச்சிருக்கமாட்டன்."

வல்லிபுரத்தார் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். வெளியே போய் வாய்க்கால் மதகடியில் சால்வையை அவிழ்த்து உதறினார். யன்னலால் பார்த்தேன். வல்லிபுரம், வல்லிபுரம், வல்லிபுரம் என்று அவர் பெயர் தண்ணீரோடு வரிசையாக வயல்களுக்குப் போனது. கடைசிக் கீற்று மறையும்வரை அவர் அங்கேயே நின்றார்.

குளிசை வேலை செய்தது. உடனே அல்ல. குழந்தை ஆட்டுப்பால் குடித்தது, மிஸி நித்திரை முழித்தா, டொக்குத்தர் கதிரையை வாங்குக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். சில நாட்கள் போன ஒரு காலையில், அந்தப் பெண் கண்ணைத் திறந்து, கஞ்சியைத் தள்ளிவிட்டுச் சோறும் மீன்குழம்பும் கேட்டாள். "இனிப் பயமில்லை" என்று மிஸி கஞ்சியைத் தான் குடித்தா.

அவளுக்கும் துண்டு வேண்டுமே. டொக்குத்தர் ஒரு படம் கீறிக் காட்டினார்.

"ஐயா, என்னைக் கோழி எண்டோ கீறினீங்கள்?"

"அது மயில்."

"மயிலுக்குத் தோகை எங்கை?"

"இடம் காணாமல் போச்சு."

அதன்பிறகு அவள் கொலனி முழுவதற்கும் கோழிதான்.

பெயரைக் கிழித்துத் தருகிற டொக்குத்தர் என்ற செய்தி வாய்க்கால் தண்ணீரிலும் வேகமாகப் பரவியது. வரிசை மறுபடி நீண்டது. ஆட்கள் தங்கள் கீற்றைக் கிழித்து வாங்கி, மடியில் செருகிக்கொண்டு, படத்துக்கு நின்றார்கள். படத்தில்தான் புதுச் சண்டை. ஒருவருக்கு யானைதான் வேண்டும். "யானை அடுத்த வாய்க்காலிலை ஏற்கெனவே ஒருத்தர் எடுத்திட்டார்" என்று டொக்குத்தர் சமாதானம் சொல்வார். நான் யன்னலில் நின்று "குடம்!" என்று கூப்பிட்டால் வல்லிபுரத்தாரின் மனிசி வருவா, "தொப்பி!" என்றால் சின்னவன் வருவான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கூப்பிட்ட ஆளே வந்தார்கள்.

எந்த வீட்டில் பென்சிலின் கேட்கும், எந்த வீட்டில் கேட்காது என்று சுவரைப் பார்த்தே சொல்லலாம் என்றாகிவிட்டது. வேண்டாத ஊசியை டொக்குத்தர் மெல்ல மெல்ல நிறுத்தினார். சனம் கோவிக்கும் என்று பயந்தேன். கோவிக்கவில்லை. சில வீடுகளுக்கு அது ஒரு பெருமையாகவே போய்விட்டது. சந்தையில் ஒருவர் மார்பைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கடை வீட்டுக் கிருமி பென்சிலினுக்கே பயப்பிடாது, தெரியுமோ?"

டொக்குத்தர் எல்லாவற்றையும் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரையாகக் கொழும்புக்கு அனுப்பினார். பெயர் ஒன்றும் இல்லை, படங்கள் மட்டும். அங்கிருந்து யாரோ ஒரு பெரியவர் பதில் எழுதினார்: ஆராய்ச்சி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு கோழிக்கு எப்படிப் பால் கட்டியது என்பதை மட்டும் விளக்கவும். டொக்குத்தர் அதை வாசித்துவிட்டு அன்று முழுவதும் தனியே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அடுத்த போக விதைப்புக்கு முன்னால் அவருக்கு இடமாற்றம் வந்தது. எங்கோ தெற்கே. பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது கொலனியில் பாதி வந்துவிட்டது. மாடு வந்தது, குடம் வந்தது, யானை முன்வரிசையில் நின்றது. பஸ் வந்ததும் டொக்குத்தர் ஏறி யன்னலோரமாக இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

அப்போதுதான் வல்லிபுரத்தாரின் மருமகள் இடுப்பில் பிள்ளையோடு சனத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளை கொழுகொழுவென்று, வாயில் விரலோடு. பஸ் உறுமத் தொடங்கியது. அவள் யன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"ஐயா, என்ரை பேர் பூமணி."

அதை அவள் மெல்லச் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் சந்தியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். நானும் அன்றுதான் அந்தப் பெயரைக் கேட்டேன். அத்தனை நாள் பக்கத்தில் கதிரை போட்டுக் காவலிருந்த மனிதருக்கும் அது தெரிந்திருக்கவில்லை, அவர் கேட்டதே இல்லை. டொக்குத்தரின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. பென்சில் வெளியே வந்தது. பிறகு அவர் கண், அவளுக்குப் பின்னால் நின்ற வல்லிபுரத்தாரில் விழுந்தது. பென்சிலைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

பஸ் நகர்ந்தது. வல்லிபுரத்தார் ஒரு கையால் சாறத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த மெல்லிசான உடம்போடு, யன்னலுக்குப் பக்கமாக ஓடத் தொடங்கினார்.

"எழுதுங்கோ ஐயா! பூமணி எண்டு எழுதுங்கோ! என்ரை வீட்டிலைதான் இருக்கிறாள், எழுதுங்கோ!"